அம்மா கேட்ட மடக்குத் தட்டி

இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு அம்மாவால் மாடிப்படி ஏற முடியவில்லை. கட்டிலைக் கீழே ஹாலுக்கு இறக்கினோம். வாசலைத் திறந்தால் நேரே கட்டில். பால்காரர், கேஸ் போட வருகிறவர், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் என்று யார் வந்தாலும் முதலில் அம்மாதான் கண்ணில் படுவார். எழுபது வயது வரை முந்தானை நழுவாமல் நடமாடிய மனுஷிக்கு அது எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்குப் புரியவே ஒரு வாரம் ஆனது.

முதலில் கம்பி இழுத்துத் துணித் திரை போட்டேன். இரண்டாம் நாளே கழற்றச் சொல்லிவிட்டார்.

“ஆஸ்பத்திரி மாதிரி இருக்குப்பா. காத்தும் வரல. வாசல்ல யாரு வந்தாலும் எனக்குத் தெரியணும். நான் கெடக்குறது அவுகளுக்குத் தெரியக்கூடாது.”

இந்த நான்கு வாக்கியத்தை ஒரு தாளில் எழுதிப் பட்டறைச் சுவரில் ஒட்டினேன். அடுத்த ஐந்து மாத ஞாயிற்றுக்கிழமைகள் முழுக்க அந்தத் தாளுக்குத்தான் வேலை பார்த்தேன்.

நடுவில் அவசரப்பட்டு ஒன்று செய்தேன். ஆன்லைனில் நான்கு மடிப்புத் தட்டி ஒன்றை வாங்கினேன். படத்தில் அழகாக இருந்தது. வந்ததோ அட்டைப்பலகை. ஃபேனை வேகமாக வைத்தால் அசைந்தது. ஒரு நாள் அம்மா ஊன்றுகோலை அதன் மேல் சாய்க்க, மொத்தமும் முன்பக்கமாகச் சரிந்தது. நல்லவேளையாக யார் மேலும் விழவில்லை. அன்று ராத்திரி உட்கார்ந்து அது ஏன் விழுந்தது என்று பார்த்தேன். இடத்தை அடைக்க வேண்டும் என்று நான்தான் அதை ஏறக்குறைய நேர்கோடாக விரித்து வைத்திருந்தேன். மடக்குத் தட்டிக்கு அடித்தளம் கிடையாது. மடிப்புதான் அதன் கால். 18 அங்குல அகலமுள்ள நான்கு இலைகளை, அதாவது மடிப்புப் பலகைகளை, அடுத்தடுத்த இலைகளுக்கு நடுவே 120 பாகை இருக்கும்படி வளைத்து நிறுத்தினால், முன்னுக்கும் பின்னுக்கும் 9 அங்குலம் ஊன்றல் கிடைக்கும். நீளம் ஐந்தடிக்கு மேல் வரும். அதற்கு மேல் விரிக்க விரிக்க நீளம் கொஞ்சம்தான் கூடும், ஊன்றல் வேகமாகக் குறையும். எங்கள் வீட்டுத் தட்டியை இன்றுவரை அந்த 120-ஐத் தாண்டி விரிப்பதில்லை.

மடக்குத் தட்டி சீனத்தில் பிறந்த பொருள். அங்கிருந்து கொரியா வழியாக ஜப்பானுக்குப் போனது. ஜப்பானியர் அதைப் ‘பியோபு’ என்பார்கள். காற்றைத் தடுப்பது என்று பொருள். குளிர் தேசத்தில் மர வீட்டுக்குள் வாடை அடிக்கும்போது அது நியாயமான தேவை. மதுரையில் சித்திரை மாதம் ஒருவரின் கட்டிலைச் சுற்றிக் காற்றுத் தடுப்பான் வைப்பது கொடுமை. ஆகவே அந்த வழி எனக்கு இல்லை.

படித்துக்கொண்டே போகும்போது ஒரு பெயர் கண்ணில் பட்டது: கோரமண்டல் தட்டி. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பாதியில் தொடங்கிச் சீனாவில் செய்த பெரிய அரக்குத் தட்டிகளுக்கு ஐரோப்பாவில் வழங்கும் பெயர் அது. பெரும்பாலும் பன்னிரண்டு இலைகள், ஆளை மிஞ்சும் உயரம். மரத்தின் மேல் மாவுப் பூச்சு, அதன் மேல் கறுப்பு அரக்கு. அரக்கைக் கீறி எடுத்த பள்ளத்தில் வண்ணம் நிரப்புவார்கள். அரண்மனை, தோட்டம், பறவைகள் எல்லாம் வரும். இவ்வளவும் சீனத்து வேலை. நம் கரையில் ஒரு இலைகூடச் செய்ததில்லை. சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாகக் கப்பலேறிப் போனதால் நம் கரையின் பெயர் ஒட்டிக்கொண்டது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள், தரங்கம்பாடியில் டேனியர்கள், சென்னையில் ஆங்கிலேயர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் என்று கடை விரித்திருந்த காலம் அது. ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த தட்டிகளில் பலவற்றை அங்கே அறுத்து, சுவரில் பதித்தார்கள், அலமாரிக்குக் கதவாக்கினார்கள். அதைப் படித்தபோது மனசு கனத்துப் போனது. அவ்வளவு பேருடைய கைவேலை அது.

எனக்கு வேண்டியது வேறு இடத்தில் இருந்தது. பத்மநாபபுரம் அரண்மனையில் அம்பாரி முகப்பு என்று ஒரு மாடம் உண்டு. யானை மேல் வைக்கும் அம்பாரி போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மரச் சாளரம். ராஜா உள்ளே இருந்தபடி தெருவில் நடக்கும் விழாவைப் பார்ப்பாராம். சில வருஷத்துக்கு முன் போனபோது அதற்குள் எட்டிப் பார்த்தேன். மரச் சட்டங்களின் இடுக்கில் தெரு முழுக்கத் தெரிந்தது. கீழே இறங்கிப் போய் அண்ணாந்து பார்த்தால் கறுப்பு மரம் மட்டும்தான். ஜெய்ப்பூரில் 1799-இல் கட்டிய ஹவா மஹாலும் இதே காரியத்தைத்தான் கல்லிலும் சுண்ணாம்பிலும் செய்கிறது. அம்மா கேட்டது ராஜாக்கள் கேட்டதுதான். பெயரும் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது: கிராதி.

கிராதி வேலை செய்வதற்குக் காரணம் மரம் இல்லை, வெளிச்சம். இருட்டுப் பக்கம் இருப்பவருக்கு வெளிச்சப் பக்கம் தெரியும். வெளிச்சத்தில் இருப்பவருக்குக் கிராதியின் முகம்தான் தெரியும், அதற்குப் பின்னால் இருட்டு. எங்கள் ஹாலில் வாசல் கிழக்கே. கட்டில் மேற்கு மூலை, அங்கே ஜன்னல் இல்லை. இடம் தானாக அமைந்துவிட்டது. மிச்சம் இரண்டு கேள்விகள்: ஓட்டை எவ்வளவு பெரிசு, குச்சி எவ்வளவு ஆழம்.

ஆழத்தைப் பற்றி நான் முதலில் யோசிக்கவே இல்லை. அட்டையில் ஒரு துண்டு செய்து பிடித்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. முன்பக்கம் 3 நூல் அகலம், உள்ளே 6 நூல் ஆழம், இரண்டு குச்சிக்கு நடுவே 7 நூல் இடைவெளி. (தச்சு வேலை பழகாதவர்களுக்கு: எட்டு நூல் ஓர் அங்குலம்.) இப்படி வைத்தால் நேரே பார்க்கும்போது பரப்பில் பாதி திறப்பு. காற்றுக்குத் தாராளம். பக்கவாட்டில் போகப் போகக் குச்சியின் ஆழம் ஓட்டையை மறைக்கும். ஏறக்குறைய 50 பாகை சாய்ந்து பார்த்தால் முழுக்க மூடிக்கொள்ளும். தட்டியோ வளைந்து வளைந்து நிற்கிறது. வாசலில் நிற்பவருக்கு ஒரு இலை ஓட்டையாகத் தெரிந்தால் அடுத்த இலை பலகையாகத் தெரியும். அவர் இரண்டடி நகர்ந்தால் இரண்டும் இடம் மாறும். அட்டைத் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் அரை மணி நேரம் நடந்து பார்த்தேன். கண் எதையும் பிடித்து நிறுத்த முடியாமல் நழுவிக்கொண்டே இருந்தது.

மரம் வாங்கக் காரைக்குடி போனேன். முனீஸ்வரன் கோயில் தெருவில் இடித்த செட்டிநாட்டு வீடுகளின் சாமான்கள் கிடைக்கும். நிலை, கதவு, தூண், கண்ணாடி, பாத்திரம் எல்லாம் இருக்கும். அந்த வீடுகளில் பர்மா தேக்கைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். எனக்குக் கிடைத்தவை உடைந்த இரண்டு நிலைக்கால்களும் ஒரு உத்தரத் துண்டும். மேலே எண்ணெயும் புகையும் ஏறிக் கறுத்திருந்தது. நகத்தால் கீறினேன், தேக்கு வாசம் வந்தது. இத்தனை வருஷம் ஒரு வீட்டுக்குள் நின்று காய்ந்த மரம் இனி அதிகம் திருகாது. மில்லில் கொடுத்து அறுக்கும் முன் காந்தத்தை மேலே தடவி ஆணி இருக்கிறதா என்று பார்த்தேன். ஏழு ஆணி பிடுங்கினேன். எட்டாவதை என் இழைப்புளிதான் கண்டுபிடித்தது, தகட்டில் ஒரு பல் போனது.

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசாரி ஒருவர் இருக்கிறார். கண் பார்வை மங்கிவிட்டது, கை மட்டும் மங்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பட்டறை ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். நான் இழைத்த குச்சியை வாங்கி விரலால் தடவி, “இந்த இடத்துல நார் எதுத்து வருது தம்பி, திருப்பிப் போட்டு இழைங்க” என்பார். தேக்கு உளியின் முனையைச் சீக்கிரம் தின்றுவிடும், அதற்குள் மணல் சத்து உண்டு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தீட்டச் சொன்னார். எண்ணெய் மரம் என்பதால் இழைத்த அன்றே பசை போட வேண்டும், நாள் போனால் எண்ணெய் மேலே வந்து பசை பிடிக்காது என்பதும் அவர் சொன்னதுதான்.

“ஏண்ணே, இந்தக் குச்சியெல்லாம் மழைக்கு ஊதாதா?” என்று கேட்டேன்.

“மரம் நெடுக்க வளராது தம்பி. அகலத்துலதான் மூச்சு விடும். கிராதிக்கு ஒண்ணும் ஆகாது. கீழ வைக்கிற பலகைக்கு மட்டும் எடம் விடுங்க.”

அப்படியே செய்தேன். காலும் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பாத்திரமும் தெரியக் கூடாது என்று ஒவ்வொரு இலையின் அடியிலும் பத்து அங்குலத்துக்கு முழுப் பலகை வைத்தேன். சட்டத்தில் காடி எடுத்து அதற்குள் பலகையைச் சும்மா நிறுத்தியிருக்கிறேன், ஒரு பொட்டுப் பசை கிடையாது. மேலே ஒரு நூல் இடம் விட்டேன். ஆடி மாதம் காடிக்குள் அந்த இடைவெளி தெரிந்தது, ஐப்பசியில் காணோம்.

இனி கோலம். மேல் பகுதியில் அடர்த்தி தேவையில்லை, அங்கேதான் அலங்காரம். அம்மாவிடம் நோட்டும் பென்சிலும் கொடுத்து, “நீங்களே ஒண்ணு போட்டுக் குடுங்கம்மா” என்றேன். முதலில் இடைப்புள்ளிக் கோலம் ஒன்று போட்டார். இடைப்புள்ளி என்றால் ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே விழும். கோடு இழுத்தால் எல்லாம் முக்கோணமாக வரும். ஜப்பானில் ‘குமிகோ’ என்று ஆணியில்லாமல் மெல்லிய குச்சிகளைக் கோக்கும் வேலை இருக்கிறது. அதிலும் இதே முக்கோணக் கட்டம் உண்டு. சிக்கல் என்னவென்றால், முக்கோணக் கட்டத்தில் ஒரே புள்ளியில் மூன்று குச்சிகள் சந்திக்கும். ஒவ்வொன்றிலும் மூன்றில் ஒரு பங்கு மரம்தான் மிஞ்சும். ஆறு நூல் ஆழத்தில் இரண்டு நூல். ஆறு துண்டு வெட்டினேன், நான்கு கையிலேயே ஒடிந்தது. ஜப்பானியக் கைவினைஞர்கள் அதை வருஷக்கணக்கில் பழகுகிறார்கள். என்னிடம் அவ்வளவு காலம் இல்லை, அம்மா காத்திருந்தார்.

ஒடிந்த துண்டுகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நேர்ப்புள்ளியே போடு. அஞ்சுக்கு அஞ்சு. வெள்ளிக்கிழமைக் கோலம்” என்று வரைந்து கொடுத்தார். நடுப்புள்ளியைச் சுற்றி ஒரு சின்ன வைரம், அதைச் சுற்றி ஒரு பெரிய வைரம், நான்கு மூலையிலும் குறுக்கே ஒவ்வொரு கோடு. பதினாறு கோடுகள்.

அதைப் பார்த்ததும் கணக்குப் போட உட்கார்ந்தேன். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த ராத்திரி அதுதான். கீழ்ப் பகுதியில் இலைக்கு 11 நெடுக்குக் குச்சி, 12 இடைவெளி. 11 மூன்று 33, 12 ஏழு 84, கூட்டினால் 117 நூல். மேலே 5 குச்சி, 6 இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியும் 17 நூல் என்று வைத்தால் 15-ம் 102-ம், அதே 117. அதாவது கீழே ஒன்று விட்டு ஒன்றாக வரும் குச்சிகள் மேலே அதே நேர்கோட்டில் தொடர்கின்றன. மேலே குச்சியும் குச்சியும் சந்திக்கும் இடங்கள் 25. அம்மாவின் 25 புள்ளிகளும் அவைதான். நான் தேடிப் பிடித்ததில்லை, எண்ணில் இருந்தது. நான் சட்டத்துக்குள் விட்டிருந்த அகலம் 116 நூல். அந்த ஒரு நூலுக்காக நெடுஞ்சட்டங்கள் இரண்டிலும் அரை நூல் அரை நூலாக இழைத்துக் குறைத்தேன்.

கீழ்ப் பகுதியில் 23 குறுக்குக் குச்சிகள். ஒரு இலைக்கு 253 சந்திப்பு, நான்கு இலைக்கு 1012. ஒவ்வொரு சந்திப்பிலும் இரண்டு குச்சியிலும் பாதி ஆழம் வெட்டி ஒன்றுக்குள் ஒன்றை உட்கார வைக்க வேண்டும். தனித்தனியாக வெட்டினால் பைத்தியம் பிடித்துவிடும். அதற்கு ஆசாரி சொன்ன வழி: பதினோரு குச்சியையும் ஒட்டி அடுக்கி, கிளாம்ப் போட்டு ஒரே கட்டையாக்கி, மூலைமட்டம் வைத்து மொத்தத்துக்கும் சேர்த்துக் கோடு கிழித்து, ஒரே ரம்ப ஓட்டத்தில் எல்லாவற்றையும் அறுப்பது. முதுகில் பட்டை வைத்த சின்ன ரம்பம். கோட்டின் மேல் அறுக்கக் கூடாது, கோட்டுக்கு உள்ளே. இரண்டு பக்கமும் அறுத்த பிறகு நடுவில் இருக்கும் மரத்தை மூன்று நூல் உளியால் தட்டினால் சீவல் சீவலாக வரும். வெட்டு தளர்ந்தால் கிராதி ஆடும், இறுகினால் குச்சி பிளக்கும். கட்டை விரலால் அழுத்தினால் முக்கால் ஆழம் போக வேண்டும். மிச்சத்துக்குக் கொட்டாப்புளியால் மேலே ஒரு துண்டுப் பலகை வைத்து ஒரு தட்டு. முதல் இலை கோத்து முடித்தபோது வந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வரிசையாக டக், டக், டக் என்று உட்கார்ந்துகொண்டே போனது.

கோப்பதற்கு முன்பே குச்சிகளுக்கு மெருகு போட்டுவிட்டேன். கோத்த பிறகு ஆயிரம் ஓட்டைக்குள் துணியை விட முடியாது. அம்மாவுக்கு வார்னிஷ் நெடி ஆகாது, இருமல் வரும். அதனால் அரக்குச் செதில்களை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் தொட்டு இரண்டு கை தேய்த்தேன். சீக்கிரம் காயும், நெடியும் தங்காது. பசை படும் வெட்டுகளில் அரக்கு போகாமல் பார்த்துக்கொண்டேன்.

கீல் விஷயத்தில் ஒரு தப்பு செய்தேன், யாராவது தட்டி செய்யப் போகிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். பித்தளைக் கீல், ஒரு சந்துக்கு மூன்று, மூன்று சந்துக்கு ஒன்பது. உற்சாகத்தில் எல்லாக் கீலையும் ஒரே பக்கத்தில் பொருத்திவிட்டேன். நிறுத்தினால் வளைந்து வட்டமாகச் சுருண்டது. விசிறி மடிப்பு வரவே இல்லை. சாதாரணக் கீல் ஒரு பக்கம்தான் மடங்கும். முதல் சந்துக்கு முன்பக்கம், இரண்டாவதுக்குப் பின்பக்கம், மூன்றாவதுக்கு மறுபடி முன்பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஜப்பானியர் காகிதத்தையே கீலாக ஒட்டி இரண்டு பக்கமும் மடங்க வைத்தார்கள். 1946-இல் அமெரிக்காவில் ஈம்ஸ் தம்பதியர் வளைத்த பிளைவுட் தட்டிக்கு உயரம் முழுக்கக் கித்தான் துணியைக் கீலாக வைத்தார்கள். எனக்குப் பித்தளைதான் சரிப்பட்டது. நடுச்சந்தின் கீல்களைக் கழற்றி மாற்றும்போது பித்தளைத் திருகாணி ஒன்றின் தலை முறிந்து உடம்பு மரத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. அதன் பிறகு ஒவ்வொரு துளைக்கும் முதலில் அதே அளவு இரும்புத் திருகாணியை ஏற்றி இறக்கி, மெழுகு தடவிய பித்தளையைப் பிறகுதான் போட்டேன். ஒன்றுகூட முறியவில்லை.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை தட்டியை ஹாலில் நிறுத்தினேன். கட்டிலுக்கு ஒன்றரை அடி முன்னால். ஆசாரியும் வந்திருந்தார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. வாசலில் யாரோ செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. உள்ளே வருவதற்கு முன்பே அம்மா, “வா செல்லம், அம்மா அனுப்புச்சாளா?” என்றார். பக்கத்து வீட்டுச் சின்னப் பெண், கையில் தூக்குவாளியோடு, ஹால் நடுவில் நின்று குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடியது.

அன்று ராத்திரிதான் நான் யோசிக்காத ஒன்று வந்தது. அம்மா பக்கத்து ட்யூப்லைட்டைப் போட்டேன். வாசலில் போய் நின்று பார்த்தால் கட்டில், போர்வை, மாத்திரை டப்பா வரை தெளிவாகத் தெரிந்தது. வெளிச்சம் பக்கம் மாறினால் கிராதியும் பக்கம் மாறிவிடும். பகலில் வாசல் வெளிச்சம், ராத்திரியில் கட்டில் வெளிச்சம். மறுநாளே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அந்த லைட்டைக் கழற்றி வாசல் பக்கச் சுவருக்கு மாற்றினேன். அம்மாவுக்குக் கட்டிலுக்கு அடியில் கால் தெரியும் அளவுக்கு ஒரு சின்ன பல்பு மட்டும். எழுந்து நடக்க அது போதும், அடியில் முழுப்பலகை இருப்பதால் வெளியே ஒளி கசியவில்லை.

தூசி உட்காரும், உண்மைதான். வாரத்துக்கு ஒருமுறை பெயிண்ட் அடிக்கும் இரண்டு அங்குலப் பிரஷ்ஷால் தட்டிவிடுகிறேன். இருபது நிமிஷ வேலை.

பத்து நாள் கழித்து அம்மா கூப்பிட்டார். “மூணாவது இலையில ஒரு கோடு கொறையுதே, நீ பாக்கலியா?” படுத்தபடியே எண்ணியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். பெரிய வைரத்தின் இடது கீழ்ப் பக்கத்தில் ஒரு கட்டம் காலி. கோலக் கோடுகளாக நிற்கும் அந்த மூலைவாட்டுக் குச்சிகளுக்குப் பசை கிடையாது. இரண்டு முனையையும் கூராகச் சீவி, மூலைக்கு மூலை இறுக்கத்திலேயே நிற்கும். அறுபத்து நான்கில் ஒன்றை நான் போடவே மறந்திருந்தேன்.

மிச்ச மரத்தில் மூன்று அங்குலத்துக்கு ஒன்று அறுத்து, முனை சீவி, அரக்கு தேய்த்துக் கொண்டுவந்தேன். பொருத்தப் போனவனை அம்மா நிறுத்தினார். “குடு இங்க.” தட்டியைக் கட்டிலுக்கு நெருக்கமாக நகர்த்தினேன். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். கை கொஞ்சம் நடுங்கியது. குச்சியின் ஒரு முனையை மூலையில் வைத்து, மறுமுனையைக் கட்டை விரலால் அழுத்தினார். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை டக்கென்று உட்கார்ந்தது.

“இப்பத் தள்ளி வையி. தபால்காரர் வர்ற நேரம்” என்றார்.